கையெழுத்து யாருடையது? சின்ன ஊரில் ஆர்க்கிடெக்ட் அலுவலகம் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் பல வருடம் கணக்கும் கோப்பும் பார்த்தேன். தோட்டத்தை விட்டு வந்து தாமான் குடியிருப்பில் வீடு வாங்கியவர்கள் சமையல்கட்டைப் பின்னால் நீட்டிக் கட்டுவார்கள். கோயிலுக்கு மண்டபம் வரும், எப்போதாவது ஒரு கடை வரிசை வரும். வேலைக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அந்த அலுவலகம் மூடியது. எது யார் பொறுப்பு, எது யார் பணம் என்று முதல் நாளே எழுதி வைக்காததால் மூடியது. இப்போது நம் பிள்ளைகள் நிறைய பேர் கட்டடக்கலை படித்துவிட்டுச் சொந்த ஊரிலேயே தொழில் தொடங்கப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இந்த நிலை வரக்கூடாது.

பலரும் சறுக்குவது பதிவில்தான். கம்பெனிகளைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்-இல் கம்பெனி பெயரைப் பதிந்து, பேங்க் கணக்கும் திறந்தாயிற்று என்றால் தொழில் தொடங்கிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். 1967-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டப்படி, இந்தத் தொழிலைச் செய்யும் நிறுவனம் ஆர்க்கிடெக்ட் வாரியமான லெம்பாகா ஆர்க்கிடெக் மலேசியாவிலும் பதிந்திருக்க வேண்டும். தனி ஆளாக, பங்காளிகளாக, அல்லது சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட) கம்பெனியாக நடத்தலாம். கம்பெனியாக நடத்தினால் இயக்குநர்கள் யார், பங்குகள் யார் கையில் என்பதற்கும் வாரியம் நிபந்தனை வைத்திருக்கிறது. "மாமா பணம் போடுறார், பாதிக் கம்பெனி அவர் பேர்ல" என்று முடிவு செய்வதற்கு முன்பே அந்த நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம்: கையெழுத்தை வாடகைக்கு எடுப்பது. பட்டம் வாங்கிய ஒரு தம்பி, ஆர்க்கிடெக்ட்டாகப் பதியத் தேவையான பகுதி மூன்று தேர்வை இன்னும் எழுதவில்லை, டிசைன் கம்பெனி என்று போர்டு மாட்டுகிறான். வேலை வந்ததும் தெரிந்த மூத்தவரிடம் போய், "அண்ணே, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்கிறான். அவரும் பாவம் பார்த்துப் போட்டுவிடுகிறார்.

அந்தக் கையெழுத்தின் எடை என்னவென்று பாருங்கள். முன்பு வீடு கட்டி முடித்ததும் நகராண்மைக் கழகம் குடிபுகத் தகுதிச் சான்றிதழ் கொடுக்கும். பழைய ஆட்கள் இன்னும் அதை சி.எஃப். என்றுதான் சொல்வார்கள். 2007 ஏப்ரல் 12 முதல் அந்த இடத்தில் சி.சி.சி., அதாவது விதிப்படி கட்டி முடித்ததற்கான சான்றிதழ், வந்துவிட்டது. அதைக் கொடுப்பவர் பிளானைச் சமர்ப்பித்த பி.எஸ்.பி., அதாவது கையெழுத்துப் போட்ட அதே ஆள். மண் வேலை, அடித்தளம் என்று ஜி1 முதல் ஜி21 வரை படிவங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டத்தையும் செய்தவரும் மேற்பார்த்தவரும் அவற்றில் ஒப்பமிட வேண்டும். அவை எல்லாம் சேர்ந்த பிறகுதான் எஃப் படிவம், அதாவது அந்த சி.சி.சி.. இடத்தையே பார்க்காத மூத்தவர் எஃப் படிவத்தில் கையெழுத்திட்டால், நாளை சுவர் பிளந்தாலும் கூரை இறங்கினாலும் தேடி வருவது அவரைத்தான். தம்பியின் கம்பெனி பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இருக்காது.

தகுதி பெறும்வரை பதிவு பெற்ற அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யுங்கள். அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

பங்காளிகளாகத் தொடங்குவோருக்கு நட்பு போதும், பேப்பர் வேண்டாம் என்ற எண்ணம் உண்டு. எங்கள் அலுவலகம் அப்படித்தான் தொடங்கியது. ஒருவர் வேலை பிடித்து வருவார். மற்றவர் வரைந்து, கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்கு அலைவார். வேலை பிடித்தவர் தனக்கு அதிகப் பங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் 1961-ஆம் ஆண்டு பங்காண்மைச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. லாபம் சமம், நஷ்டமும் சமம். ஒருவர் இறந்தாலோ திவாலானாலோ பங்காண்மையே கலைந்துவிடும். கடனுக்கு வீடு வாசல் வரை இருவருமே பொறுப்பு. இதெல்லாம் எங்களுக்குச் சண்டை முற்றிய பிறகுதான் தெரிந்தது. பங்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் பாதியில் நிற்கும் வேலையை யார் முடிப்பது, பிளான்கள் யாரிடம் இருக்கும் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தால் போதும். இரண்டு நல்ல மனிதர்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்க மாட்டார்கள்.

சரி, சென்டிரியான் பெர்ஹாட் ஆக்கிவிட்டால் தப்பித்தோமா? கம்பெனியின் கடன் உங்கள் தலையில் விழாமல் அது தடுக்கலாம். தொழிலில் செய்த கவனக்குறைவுக்கு வரும் வழக்கையும் வாரியத்தின் ஒழுங்கு நடவடிக்கையையும் தடுக்காது. 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த காலவரையறைச் சட்டத் திருத்தத்தின்படி, மறைந்திருந்த குறையைப் பிறகு கண்டுபிடித்தாலும் வழக்குப் போடலாம். உச்ச வரம்பு 15 ஆண்டு. அதனால் தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதியை, அலுவலகத்தை மூடுகிற அன்றே நிறுத்திவிடாதீர்கள். இந்தக் காப்புறுதி பொதுவாக, கோரிக்கை வரும் நாளில் பாலிசி உயிரோடு இருந்தால்தான் கை கொடுக்கும்.

பணத்துக்கு வருவோம். சின்ன ஊரில் ஃபீஸ் கேட்கவே கூச்சம். "முடியட்டும், பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். கட்டுமானத் துறையில் பணம் நிலுவையில் நின்றால் விரைவாகத் தீர்ப்புக் கேட்க 2012-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சிபா என்பார்கள். ஆலோசகர்களுக்கும் பொருந்தும். ஆனால் ஒருவர் தான் குடியிருக்க, நான்கு மாடிக்குக் குறைவாகக் கட்டும் வீட்டுக்கு அது பொருந்தாது. நம் ஊரில் வரும் வேலையில் பெரும்பாலும் அதுதானே! அதனால் முன்பணம் வாங்காமல் கோடு போடாதீர்கள். முதல் வரைவு, விவரமான வரைவு, ஒப்பந்த ஆவணம், கட்டுமான மேற்பார்வை என்று கட்டம் கட்டமாக வாங்குங்கள்.

கோயில் வேலையில் இன்னொன்று. தலைவர் வாய்வார்த்தையாகச் சொன்ன தொகையை, ஆண்டுக் கூட்டத்தில் வந்த புதுக் குழு "எங்களுக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டால் அலைச்சல்தான். பதிவு பெற்ற சங்கத்தின் பெயரில், கூட்டக் குறிப்போடு, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரின் கையெழுத்தும் வாங்குங்கள்.

இன்ஜினியருக்குப் போக வேண்டிய பணமும் கவுன்சில் கட்டணமும் உங்கள் கணக்கில் வந்து விழும்போது கை நிறைய இருப்பதுபோல் தெரியும். அதைத் தனிக் கணக்கில் வையுங்கள். எங்கள் அலுவலகத்தில் அதை எடுத்துத்தான் ஒரு மாதச் சம்பளம் கொடுத்தோம். அப்புறம் அந்தக் குழி நிரம்பவே இல்லை.

சேவை வரியையும் மறக்க வேண்டாம். 12 மாதத்தில் ஃபீஸ் 5 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால் பதிய வேண்டும். 2024 மார்ச் 1 முதல் வரி 8 விழுக்காடு. வீட்டு வேலை மட்டும் செய்யும்போது அந்த எல்லை தூரத்தில் இருக்கும். ஒரு கடை வரிசை வந்தால் தாண்டிவிடும். பில் போட்டு 12 மாதம் கழிந்தும் பணம் வராவிட்டால், வராத பணத்துக்கும் வரியை நீங்களே கட்ட வேண்டும். பழைய பில்களை மாதாமாதம் எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, வரைகிற பிள்ளைகள். இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) இல்லாமல் கையில் காசு கொடுத்து வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். அதோடு, பகுதி மூன்று எழுத நினைக்கும் பிள்ளை தன் அனுபவத்தைப் பதிவேட்டில் எழுதி, மேற்பார்க்கும் ஆர்க்கிடெக்ட்டிடம் ஒப்பம் வாங்க வேண்டும். எங்களிடம் இருந்த ஒரு பெண் மூன்று முறை அந்தப் பதிவேட்டை மேசைமேல் வைத்தாள். முதலாளிக்கு நேரம் இல்லை. நான்காவது முறை விலகல் கடிதத்தை வைத்தாள்.