டோல் எங்கே, ஹை எங்கே?

கிளிநொச்சியில் என்னிடம் ஆங்கில ரியூசனுக்கு வரும் பிள்ளைகளுக்கு உயரமென்றால் ஒரே சொல்தான்: ஹை. அண்ணாவும் ஹை, பனையும் ஹை. டோல் (tall), ஹை (high) இரண்டையும் நான் பிரித்துக் காட்டுவது இப்படி.

அடியிலிருந்து நுனி வரை ஒடுங்கி நீண்டு நிற்பது டோல். ஆள், பனை, தொலைபேசிக் கோபுரம் எல்லாம் அதில் சேரும். தரையிலிருந்து எவ்வளவு மேலே என்பதுதான் பேச்சென்றால் ஹை. பனை டோல்; அதன் வட்டுக்குள் இருக்கும் நுங்குக்குலை ஹை. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் 36 அடிக்கு ஏறினாலும் நீர்மட்டம் ஹைதான், டோல் ஆகாது. மலைக்கும் ஹைதான். கட்டடத்துக்கு இரண்டும் செல்லும், சண்டை பிடிக்க வேண்டாம்.

பெரிய வகுப்புக்கு டோலின் பழங்கதையையும் சொல்லுங்கள். அது பிறந்ததாகக் கருதப்படும் பழைய ஆங்கிலச் சொல்லுக்குச் சுறுசுறுப்பான, தயாரான என்று பொருள். பிறகு அழகன், வீரன் என்றெல்லாம் திரிந்தது. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒருவனை டோல் என்றால் அளவுநாடாவைத் தேடாதீர்கள். துணிந்தவன் என்றும் இருக்கலாம். உயரம் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றியது. ஹை அப்படி அலையவில்லை, ஆதியிலிருந்தே உயரம்தான்.

அப்புறம், உயரம் என்ற பெயர்ச்சொல்லான ஹைட் (height). விட்த் (width), லெங்த் (length) பழக்கத்தில் 'ஹைத்' என்பார்கள். திருத்துங்கள், ஆனால் ஏசாதீர்கள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் மில்டனே அப்படித்தான் (highth) எழுதினார்.