பழைய திஸ்கி கோப்பைக் காப்பாற்ற ஒரு கட்டளை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தோட்டக் கோயிலின் பழைய உபயக்காரர் பட்டியலைப் போன வாரம் கணினியில் திறந்தேன். 2002இல் தட்டச்சு செய்தது. ஒரு பெயர்கூடப் படிக்க முடியவில்லை. மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகவே வந்தன. கோப்பு கெட்டுப்போகவில்லை, திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில்) இருக்கிறது, அவ்வளவுதான். தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.

லினக்ஸ் கணினியில் முனையத்தை, அதாவது கட்டளை தட்டும் சாளரத்தைத் திறந்து, ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஐ-சி-ஓ-என்-வி (iconv) என்று தட்டுங்கள். அப்புறம் ‘-எஃப்’ (-f) போட்டு பழைய குறியேற்றமான டி-எஸ்-சி-ஐ-ஐ (TSCII), ‘-டி’ (-t) போட்டு இன்றைய யூனிகோடு வடிவமான யூடிஎஃப்-8 (UTF-8), பிறகு கோப்பின் பெயர், > குறி (‘விடப் பெரியது’ என்ற கணக்குக் குறி), கடைசியில் புதுப் பெயர். பழைய பெயரையே மறுபடி கொடுத்தால் கோப்பு காலியாகிவிடும். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

‘கோவிந்தம்மா’ என்ற பெயரைப் பாருங்கள். திஸ்கியில் கொம்பு முதலில், பிறகு ‘க’, பிறகு கால். யூனிகோடில் ‘க’ முதலில், ஓகாரக் குறி அதன் பின்னால். இந்த வரிசையையும் கட்டளையே சரிசெய்துவிடுகிறது, அதுதான் பெரிய உதவி.

புதுக் கோப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாக இருந்தால் பயப்படாதீர்கள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு தேவை. நடுவில் பிழை காட்டி நின்றால் ‘-சி’ (-c) சேர்க்கச் சிலர் சொல்வார்கள். அது மாற்ற முடியாத எழுத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பெயர்ப் பட்டியலுக்கு அது வேண்டவே வேண்டாம்.