மகளுக்கு லேப்டொப் வாங்கப் போகிறீர்களா? நிறத்தைக் கடைசியில் கேளுங்கள்

கடைக்குள் வந்ததும் "லேடீஸ் மொடல் இருக்கா?" என்று கேட்காதீர்கள். கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கத்தில் லேப்டொப் விற்கிறவள் நான். அந்தக் கேள்வி வந்த உடனேயே விற்பவரின் கை ரோஸ் கோல்ட் பெட்டிக்குப் போய்விடும். பிள்ளை என்ன படிக்கப் போகிறாள் என்பது பேச்சிலேயே வராது. ஏ.எல். ரிசல்ட்ஸ் வந்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பா, அம்மாமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் படிப்பைச் சொல்லுங்கள். மொறட்டுவையில் இன்ஜினியரிங் என்றால் வரைபட மென்பொருள்கள் ஓட வேண்டும், 16 ஜிபி ரேம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்) கேளுங்கள். சட்டமோ கலைப்பீடமோ என்றால் 8 ஜிபியிலும் சமாளிக்கலாம். ஆனால் பிறகு ரேம் கூட்ட முடியுமா என்று கேட்டுவிடுங்கள். மெல்லிய மொடல்கள் பலவற்றில் முடியாது.

அடுத்தது விலை. பெட்டியில் ஒட்டியிருக்கும் முழு மொடல் இலக்கத்தைப் போனில் படம் எடுங்கள். அதே மொடல் கறுப்பிலும் சாம்பலிலும் என்ன விலை என்று கேளுங்கள். புரொசசர், ரேம், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் மாறும்போது உள்ளே இருப்பதும் மாறுவது உண்டு. 2021இல் வந்த ஐமெக்கில் மஞ்சள், செம்மஞ்சள், ஊதா மூன்றும் விலை கூடிய மொடல்களில் மட்டும்தான் கிடைத்தன. அதையாவது அப்பிள் வெளிப்படையாகச் சொன்னது. நியூயோர்க் நகர நுகர்வோர் திணைக்களம் 2015இல் கிட்டத்தட்ட 800 பொருட்களை ஒப்பிட்டபோது, பெண்களுக்கென்று விற்றவை சராசரியாக 7 வீதம் விலை கூடியிருந்தன. ஒரே சிறுவர் ஸ்கூட்டர் சிவப்பில் 25 டொலர், ரோஸில் 50 டொலர்!

பெண்களுக்கென்று கம்பனிகள் செய்ததைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். 2009இல் டெல் 'டெல்லா' என்று பெண்களுக்காக ஓர் இணையத்தளம் தொடங்கி, கலோரிக் கணக்கும் சமையல் குறிப்பும் பார்க்கக் கணினி உதவும் என்று சொல்லிக்கொடுத்தது. பெண்கள் கேள்வி கேட்கத் தொடங்கியதும் சில வாரங்களிலேயே அந்தப் பெயரைக் கைவிட்டது. 2014இல் அப்பிள் வெளியிட்ட ஹெல்த் செயலியில் உடம்பைப் பற்றி எத்தனையோ அளவுகளைப் பதியலாம், மாதவிடாய்த் தேதியைப் பதிய மட்டும் இடம் இல்லை. அடுத்த வருடம்தான் சேர்த்தார்கள். பெண்களை நினைக்க வேண்டிய இடம் அதுதானே!

சரி, இப்போது பிள்ளையின் கையில் கொடுங்கள். உங்கள் கையில் வேண்டாம், அவள் கையில். சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிப் பார்க்கட்டும், ஏனென்றால் காலையில் 101 பஸ்ஸில் நின்றுகொண்டே அதைச் சுமக்கப் போகிறவள் அவள். கொண்டுபோகிற பையையும் கடைக்கு எடுத்து வாருங்கள், 15.6 அங்குலத் திரை உள்ள லேப்டொப் பல பைகளுக்குள் இறங்காது. கீபோர்ட்டில் விரல் வைத்து இரண்டு வரி டைப் பண்ணச் சொல்லுங்கள். நிறம் உண்மையில் வேலையைப் பாதிக்கிற இடம் இதுதான்: வெள்ளி நிறக் கீகளில் வெள்ளை பெக்லைட் (கீகளுக்குள் எரியும் லைட்) எரிந்தால் எழுத்தும் கீயும் ஒன்றாகிவிடும். கடையின் வெளிச்சத்தில் இது தெளிவாகத் தெரியாது. கீபோர்ட்டைக் கையால் மறைத்து, லைட்டைப் போட்டும் அணைத்தும் பாருங்கள்.

"இந்தக் கலர் இங்கே வராது, வெளியிலிருந்து எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அது கம்பனியின் இலங்கை ஏஜென்ட் தரும் வொரண்டியா, கடை மட்டும் தரும் வொரண்டியா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். போன் என்றால் காசு கொடுக்கும் முன்பே ஐஎம்இஐ இலக்கத்தை (ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்) 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் பொருந்திய பிறகு நிறத்தைப் பிள்ளையிடமே விடுங்கள். அவளுக்கு ரோஸ்தான் பிடிக்கும் என்றால் ரோஸையே வாங்கிக் கொடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. மகனோடு வருகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அவன் ரோஸ் கோல்டை எடுத்துப் பார்க்கும்போது "அது பொம்பிளைப் பிள்ளைகளின்ர" என்று கையிலிருந்து வாங்கி வைக்காதீர்கள், அவனும் நான்கு வருடம் அதைத் திறந்து படிக்கப் போகிறவன்.