அரைகுறை கிராமபோனை விற்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு கிராமபோன் பெட்டி கிடைக்கிறது. ஊசியைப் பொருத்தும் சவுண்ட் பாக்ஸ் இல்லை, சாவி கொடுக்கும் கைப்பிடியும் இல்லை. ‘இருக்கிற நிலையில் விற்பனைக்கு’ என்று போட்டுவிடலாம் என்று தோன்றும். தாராளமாகப் போடலாம். இப்படிப்பட்ட பெட்டிகளைத் தேடி வாங்குகிறவன் நான். விற்பவர்கள் தங்கள் விலையைத் தாங்களே கெடுத்துக்கொள்வதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

முதல் தவறு, பளபளப்பு ஆசை. போன வருடம் ஒருவர் எச்.எம்.வி. 102 சூட்கேஸ் மாடல் ஒன்றைக் காட்டினார். கறுப்பு உறையின் மேல் எனாமல் பெயின்ட் பூசியிருந்தார். மூடிக்குள் இருந்த நாய்ப் படத்தில் பாதியைத் தின்னர் தின்றிருந்தது. துருவையும் அழுக்கையும் நான் எடுத்துக்கொள்வேன். போன படத்தை எங்கே போய்த் தேடுவது? உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

அடுத்தது, “எல்லாம் இருக்கு, லேசா சர்வீஸ் பண்ணினா பாடும்” என்ற வாசகம். ஊசியின் அதிர்வு ஒலியாக மாறுவதே சவுண்ட் பாக்ஸில்தான். அதற்குள் ஒரு மெல்லிய தகடு இருக்கும். பழைய மாடல்களில் மைக்கா, பின்னால் வந்தவற்றில் அலுமினியம். தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் வருடக்கணக்கில் கல்லாக இறுகியிருக்கும். சிலவற்றின் பின்பகுதி துத்தநாகக் கலவை வார்ப்பு. அது உப்பி விரிசல் விட்டிருக்கும், முறுக்கிக் கழற்றினால் கையோடு வந்துவிடும். அதனால் இருந்தால் அப்படியே விடுங்கள், இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். வேறு மாடலின் சவுண்ட் பாக்ஸை மாட்டி ‘ஒரிஜினல்’ என்று சொல்வதைவிட, அதைத் தாங்கும் கையான டோன் ஆர்மைக் காலியாகவே படமெடுத்துப் போடுவது மேல். அதற்கு முன் வீட்டை இன்னொரு தடவை தேடிவிடுங்கள். கைப்பிடி பழைய பிஸ்கட் டின்னுக்குள் கிடந்த கதையெல்லாம் உண்டு.

ஒலி வெளிவரும் குழாய் (ஹார்ன்) தொலைந்துபோன மேசைக் கிராமபோனுக்குப் புதுப் பித்தளைக் குழாய் வாங்கி மாட்டுவது இன்னொரு வம்பு. பழைய சூட்கேஸ் மோட்டாரைப் புதுப் பெட்டியில் வைத்து, பித்தளைக் குழாய் பொருத்திய போலிகள் இந்தியாவிலிருந்து நிறையப் போயிருக்கின்றன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைக் கேலியாக ‘கிராப்போபோன்’ என்பார்கள் (ஆங்கிலத்தில் ‘கிராப்’ என்றால் குப்பை). உங்கள் அசல் பெட்டியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

மோட்டாரைச் சோதிக்காமல் விற்பதும் நஷ்டம்தான். பொருந்தும் கைப்பிடி கிடைத்தால் மெதுவாகச் சாவி கொடுங்கள். இசைத்தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு ஒன்றைச் செருகி, ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அந்தக் கால இசைத்தட்டுகளின் வேகமான 78க்குப் பக்கத்தில் வந்தால் அதை வீடியோ எடுத்துப் போடுங்கள். சுற்றாவிட்டால் கட்டிங் பிளேயரால் திருக வேண்டாம். ஸ்பிரிங் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். சுருள் துள்ளினால் கை கிழியும்.

வருடத்தை ஊகித்துச் சொல்லாதீர்கள். நாய்ப் படம் இருக்கிறது என்பதற்காக 1900 என்று எழுதுகிறார்கள்; 102 மாடல் வந்ததே 1931ல்தான். நிஜமாகவே நூறு வருடம் தாண்டிய பொருள் என்றால், வெளிநாட்டு ஆர்டரை ஒத்துக்கொள்வதற்கு முன் யோசியுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. சந்தேகம் இருந்தால், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம் பேக்கிங். சாவியின் முறுக்கு முழுவதும் ஓடித் தீரட்டும். டோன் ஆர்மைத் துணி நாடாவால் கட்டிவிடுங்கள். சுழல்தட்டு கழன்று வருமானால் கழற்றித் தனியாகச் சுற்றி, கிராமபோன் பெட்டிக்கு வெளியே, பார்சலுக்குள் வையுங்கள். உள்ளே வைத்து அனுப்பிய ஒரு தட்டு, எனக்கு வந்து சேரும்போது மூடியைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்த்தது.