ராமேஸ்வரம் பக்கம் கவுன்சிலருக்கு நிற்கப் போகும் செங்கொடித் தோழர்களுக்கு

முதலில் எந்த ஊரில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். ராமேஸ்வரம், கீழக்கரை, ராமநாதபுரம் நகராட்சிகள், மண்டபம், தொண்டி பேரூராட்சிகள், இங்கெல்லாம் கட்சிச் சின்னத்தில் நிற்கலாம். அதே தீவில் இருக்கும் பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சி, அங்கே தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. அப்புறம் 21 வயது முடிந்திருக்க வேண்டும், அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நகராட்சிக்கு வரி பாக்கி இருந்தால் இன்றைக்கே கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பாதி இடம் பெண்களுக்கு. வார்டு பெண்களுக்கு என்று தெரிந்ததும் யார் வீட்டம்மாவை நிறுத்தலாம் என்று ஆண்கள் கூடிப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன், அது தப்பு. கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் போய்க் கேளுங்கள். விரல் ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றிக் கட்டி, கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கி முங்கிப் பாறையில் இருந்து பாசியைப் பிய்த்து வருகிறவர், கரைக்கு வந்ததும் வியாபாரியிடம் எடைக்கும் விலைக்கும் சளைக்காமல் வாதாடுகிறவர். மன்றக் கூட்டத்தில் கமிஷனரைக் கேள்வி கேட்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் காகிதம் மட்டும் கொடுத்தால் போதும்.

அந்தக் காகிதத்தைச் சேர்ப்பதுதான் பெரிய வேலை, தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்னால் தொடங்குங்கள். ஒரு நோட்டு வாங்கித் தெருத்தெருவாக எழுதுங்கள்: எந்தக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர், எத்தனை மணி நேரம், வராத நாளில் குடம் என்ன விலைக்கு வாங்குகிறார்கள், லாட்ஜ் கழிவு எந்த ஓடையில் சேருகிறது, எந்தத் தெருவிளக்கு எரியவில்லை. ஒரு அக்கா தன் வீட்டு நாள்காட்டியை எடுத்துக் காட்டினார், தண்ணீர் வந்த தேதிக்கெல்லாம் பேனாவால் வட்டம் போட்டிருந்தார், ஒரு மாதத் தாளில் ஆறே வட்டம். அதைப் படம் எடுத்து மனுவோடு இணைத்தோம், அதிகாரிகள் மறுத்துப் பேச முடியவில்லை.

கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். தூய்மைப் பணியாளர்களில் ஒப்பந்தத்தில் எத்தனை பேர், ஒரு நாள் கூலி எவ்வளவு, பி.எஃப். பிடித்த பணம் அவர்கள் கணக்கில் கட்டப்பட்டதா என்று கேளுங்கள். 2022-இல் நகராட்சி, பேரூராட்சிகளில் சொத்துவரியை 25-இல் இருந்து 100 சதவீதம் வரை ஏற்றினார்களே, அதில் உங்கள் தெருவில் ஓடு வேய்ந்த வீட்டுக்கு எவ்வளவு கூடியது, லாட்ஜுக்கு எவ்வளவு கூடியது என்று ரசீதை வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். சோஷலிசம் என்ற சொல்லையே எடுக்காமல், இந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்று இதை வைத்தே விளக்கிவிடலாம்.

சாக்கடை, குழாய் என்று பேசினால் கொள்கை குறைந்துவிடும் என்று சில தோழர்கள் வருத்தப்படுவார்கள். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்துக்கு 1910-இல் எமில் சைடல் என்ற சோஷலிஸ்ட் மேயராக வந்தார், அடுத்து டேனியல் ஹோன் 1916 முதல் 1940 வரை 24 ஆண்டுகள் இருந்தார். அவர்களைச் சாக்கடை சோஷலிஸ்டுகள் என்று கிண்டல் செய்தவர்களும் சோஷலிஸ்டுகள்தான், ஆனால் ஊர் ஜனம் திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டது. நம்மிடமே சிங்காரவேலர் இருக்கிறார். மீனவர் குடும்பத்தில் பிறந்து, 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியவர், பிறகு சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் இருந்தார்.

சரி, எப்போது வீடு வீடாகப் போவது? விசைப்படகு கடலுக்குப் போயிருக்கும் நாளில் ஆண்களைப் பிடிக்க முடியாது, கரை திரும்பும் காலையில் ஏலம் முடியும்வரை யாருக்கும் காது கேட்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் நல்ல சமயம், வலையைச் சரிபார்த்துக்கொண்டு கரையிலேயே இருப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். அப்போது இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள். கவுன்சிலரால் அதை மீட்க முடியாது, அதை மறைக்காமல் சொல்லுங்கள். மன்றத்தில் தீர்மானம் கொண்டுவர முடியும், இலங்கைச் சிறையில் இருப்பவர் குடும்பத்துக்கு மனு எழுதிக் கலெக்டர் ஆபீசுக்குக் கூடப்போக முடியும், அவ்வளவுதான்.

கூட்டணியில் உங்கள் வார்டு பெரிய கட்சிக்குப் போய்விடலாம். ஒரு வருஷ உழைப்பு என்று மனசு கஷ்டப்படும், அதனால் பேச்சுவார்த்தைக்கு முன்பே அந்த நோட்டைக் கட்சி மாவட்டக் குழுவின் மேசையில் வையுங்கள், வேலை நடந்திருக்கும் வார்டை அவர்கள் வலுவாகக் கேட்க முடியும்.

வேட்புமனுவுக்கு அந்த வார்டு வாக்காளர் ஒருவர் முன்மொழிய வேண்டும். உங்கள் மீதுள்ள வழக்கு, சொத்து எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதுங்கள், மறியல் வழக்கையும் விடாதீர்கள். 2022-இல் வைப்புத்தொகை பேரூராட்சிக்கு 1,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு அதில் பாதி. செலவைத் தினமும் ராத்திரியே எழுதிவிடுங்கள், டீச் செலவு உட்பட. ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், அதையும் ஒரு தோழர் பொறுப்பில் இப்போதே விட்டுவிடுங்கள்.