நாயைப் பழக்குதல்: உங்கள் கைக்கு ஏற்ற காலரும் கயிறும்

நாய் வந்த முதல் வாரத்தில் கடையில் தொங்கியதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். பாதி இன்னும் அலமாரியில் கிடக்கிறது. நாயின் அளவைப் பார்த்து வாங்கினேனே தவிர, என் கைக்கு என்ன தெரியும் என்று பார்க்கவில்லை. புதுக் கை தப்புச் செய்யும். அந்தத் தப்பு போய் விழுவது நாயின் கழுத்தில். அதனால், கை தவறினாலும் நாய்க்கு வலிக்காத சாமானில்தான் தொடங்க வேண்டும்.

1. முதலில் நாய் இல்லாமல்

கயிற்றின் ஒரு முனையை வீட்டில் யாரிடமாவது கொடுத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி நடத்திப் போங்கள். இழுபடும்போதெல்லாம் அவர் 'ம்' என்று சொல்ல வேண்டும். முதல் சுற்றில் எனக்கு 11 'ம்' விழுந்தது. ஒருமுறைகூட இழுத்ததாக எனக்குத் தெரியவே இல்லை! கயிறு நடுவில் தொய்ந்து தொங்க வேண்டும். இரண்டு மூன்று 'ம்'முக்குள் வந்துவிட்டால் நாயிடம் போகலாம்.

2. தொடக்கச் சாமான்

பட்டையான சாதாரண காலர், 6 அடிக் கயிறு, இடுப்பில் கட்டும் தீனிப்பை. இவ்வளவுதான். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்க்கு மூச்சு ஏற்கெனவே சிரமம் என்பதால் காலருக்குப் பதில் மார்பைச் சுற்றும் ஹார்னஸ் போடுங்கள். கிரேஹவுண்ட் மாதிரி நாய்களுக்குத் தலை கழுத்தைவிட ஒடுக்கம், சாதாரண காலர் கழன்றுவிடும். அவற்றுக்கு ஓரளவு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் காலர் இருக்கிறது.

தீனி பட்டாணி அளவு போதும். பெரிய துண்டு என்றால் மென்று முடிப்பதற்குள் எதற்குக் கிடைத்தது என்பதே நாய்க்கு மறந்துவிடும்.

தானாகச் சுருளும் கயிற்றை இப்போதைக்கு விடுங்கள். அது எப்போதும் விறைப்பாகவே இருக்கும், இழுத்தால் நீளும். அதாவது, இழுக்கச் சொல்லி நீங்களே பாடம் நடத்துகிறீர்கள்.

3. கிளிக்கர்

அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் போடும் சின்னக் கருவி இது. சரியான செயலை நாய் செய்த அந்த நொடியில் 'டிக்', உடனே தீனி. சத்தம் தாமதமானால் பாடமே மாறிவிடும்: நாய் உட்கார்ந்து, எழுந்த பிறகு அழுத்தினால் எழுந்ததற்குத்தான் பரிசு. ஒரு பந்தைத் தரையில் தட்டி, அது தரையைத் தொடும் கணத்தில் அழுத்திப் பழகுங்கள், நாய் காதில் விழாத இடத்தில். இரண்டு கையும் குழம்புகிறதா? கிளிக்கரை வைத்துவிட்டு 'சபாஷ்' சொல்லுங்கள். 'சரி' மட்டும் வேண்டாம், அதை நாம் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

4. நீளக் கயிறு

கூப்பிட்டால் வரப் பழக்க 5 முதல் 10 மீட்டர்க் கயிறு வேண்டும். வீட்டுக்குள் கூப்பிட்டு நாய் தவறாமல் வரும்வரை இதைத் தொடாதீர்கள். கொக்கியை ஹார்னஸில்தான் மாட்ட வேண்டும், காலரில் கூடாது. வேகமாக ஓடும் நாய் கயிற்றின் கடைசியில் திடீரென்று நின்றால் அத்தனை வேகமும் கழுத்தில் இறங்கும். கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. ஒருமுறை வழுக்கி ஓடிய கயிறு என் உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டது. அப்புறம்தான் கையுறை வாங்கினேன்.

5. எப்போதுமே தள்ளி வைக்க வேண்டியவை

கழுத்தை இறுக்கும் சங்கிலி, உள்பக்கம் முள் வைத்த காலர், மின் அதிர்ச்சி தரும் மின் காலர். இவை தரும் வலி ஒரு நொடி தப்பி விழுந்தால், அப்போது எதிரே வந்த குழந்தையையோ சைக்கிளையோ பார்த்து நாய் மிரளக் கற்றுக்கொள்ளும். புதுக் கையில் அந்த ஒரு நொடி தப்பாமல் இருக்காது. தேர்ந்த கைக்கோ இவை தேவைப்படாது. வேல்ஸில் மின் காலருக்கு 2010-லேயே தடை வந்துவிட்டது.

இழுக்கிற நாய்தான் பிரச்சினை என்றால் மார்புப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸை முயன்று பாருங்கள். இழுத்தால் நாய் உங்கள் பக்கமே திரும்பும். மாட்டிய முதல் நாள் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே நடத்திவிட்டு, அக்குளில் தோல் சிவந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.