அமைதி தரும் மாவுத் தட்டு: ஆட்டிசம் உள்ள குழந்தைக்கான தொடுபுலன் ஓவியம்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு ஒலியும் வெளிச்சமும் தொடுகையும் மற்றவர்களைவிட மிகுதியாகவோ குறைவாகவோ உறைக்கின்றன. மனநலக் கோளாறுகளைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு, ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களுள் ஒன்றாக இதைச் சேர்த்தது. ஆகவே, ஒரு குழந்தைக்கு இதமான பிசுபிசுப்பு இன்னொரு குழந்தைக்குத் தாங்க முடியாத தொல்லையாகலாம். இங்கே சொல்வது வீட்டில் செய்யும் பயிற்சிதான். தேர்ந்த கலைச் சிகிச்சையாளரின் பணிக்கு இது மாற்றாகாது.

இரண்டு கப் கார்ன்ஃப்ளாருடன் ஏறத்தாழ ஒரு கப் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, அகலமான தட்டில் கலக்குங்கள். பதம் சரியாக இருந்தால், இறுக்கிப் பிடிக்கும்போது கட்டியாகி, பிடி தளர்ந்ததும் விரலிடுக்கில் வழிந்தோடும். அழுத்தும்போது கிடைக்கும் எதிர்விசை தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் உறுதியான உணர்வைத் தருவதால், மெல்லிய வருடலை வெறுக்கும் குழந்தைகளும் சிலவேளை இதில் ஒன்றிவிடுகிறார்கள். விரலால் இழுத்த கோடு சற்று நேரத்தில் தானே மறைந்துவிடும் என்பதால், படம் நன்றாக வந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை, நீங்களும் கேட்காதீர்கள். நிறத்துக்குப் பீட்ரூட் சாறு போதும். மஞ்சள்தூளும் அழகுதான், ஆனால் நகக்கண்ணில் ஏறிய கறையைத் தேய்த்துக் கழுவுவதற்குள் கிடைத்த அமைதி போய்விடும்.

தொடத் தயங்கும் குழந்தையின் கையைப் பிடித்துக் கலவைக்குள் அமுக்கவே கூடாது. இரண்டு நிறப் பெயின்டை ஜிப் பையில் ஊற்றி மூடி, விளிம்புகளை டேப்பால் மேசையில் ஒட்டிவிட்டால், கையில் ஈரம் படாமலே நிறங்களை அழுத்திக் கலக்கலாம். குழந்தை கையை எடுத்துக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அழுகையும் பதற்றமும் உச்சத்தில் இருக்கும்போது தட்டை நீட்டுவது பயன் தராது. பள்ளியிலிருந்து வந்து சற்று ஓய்ந்த பின், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, நாள்தோறும் அதே இடத்தில் தொடங்குங்கள்.

கண்டதை வாயில் போடும் பழக்கமுள்ள குழந்தையிடம் உப்பு சேர்த்துப் பிசைந்த மாவைத் தராதீர்கள். அதிகமாக விழுங்கினால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு உயரும். எந்தக் கலவையானாலும் பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும்.

திடீரென நிறுத்தினால் குழந்தை கலங்கும் என்பதால், தட்டு, கை கழுவும் வாளி, கை துடைக்கும் துண்டு ஆகிய மூன்று படங்களைத் தொடக்கத்திலேயே வரிசையாகக் காட்டிவிடுங்கள். மீந்த கலவையைச் சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். காயவிட்டுக் குப்பையில் சேர்க்கவும்.